தோளிலிருந்து வந்த சிரிப்பு

என் அண்ணன் அழகர், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ரெங்கம்மாவைக் கட்டிக்கொண்டு வந்த காலத்தில் எங்களுக்குப் பக்கத்து டவுனான பதுளைக்கு ரயில் கிடையாது. பண்டாரவளையோடு நின்றுவிடும். ரயில் இருந்தாலும் எங்களுக்கென்ன, பொண்ணும் மாப்பிள்ளையும் மலையைச் சுற்றி நடந்தேதான் வந்தார்கள். வேறொருத்தியாக இருந்தால் வந்த களைப்பில் சுருண்டு படுத்திருப்பாள். இவள் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் மூட்டையை இறக்கி வைத்த கையோடு, வழியில் காலில் அட்டை ஏறியதற்கு என் அண்ணன் போட்ட ஆட்டத்தை நடித்துக் காட்டிச் சிரித்தாள். லயத்தில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"வந்த அன்னைக்கே என்னாடி இளிப்பு வேண்டிக் கெடக்கு?" என்று என் ஆத்தா பெரியாயி உள்ளேயிருந்து கத்தினாள்.

"இளிக்காம எப்புடி அத்தை இருக்கிறது? அட்டையப் பாத்து ஒங்க மகன் 'ஆத்தா, ஆத்தா'ன்னு ஒங்களத்தானே கூப்பிட்டாரு" என்றாள் ரெங்கம்மா.

அன்றைக்குத் தொடங்கியது. மாமியாரும் மருமகளும் உப்புக்குச் சண்டை போடுவார்கள், விறகுக்குச் சண்டை போடுவார்கள், அடுப்பில் யார் முதலில் உலை வைப்பது என்று சண்டை போடுவார்கள். மறுநாள் காலையில் தப்பு முழங்கி, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, ஒரே வெற்றிலையைக் கிள்ளி ஆளுக்குப் பாதியாக வாயில் அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்த்து நான் வயிறெரிந்திருக்கிறேன். பெற்ற மகள் நான் அதே லயத்தில் காம்பரா என்கிற கடைசி அறையில் வாழ்க்கைப்பட்டு இருக்கிறேன். என்னோடு ஆத்தா ஒருநாளும் அவ்வளவு ஆசையாகச் சண்டை போட்டதில்லை.

ரெங்கம்மாவுடையது அழகான சிரிப்பு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஈறு தெரியும், கண் இரண்டும் காணாமல் போகும், சத்தமோ அடுத்த மலை வரைக்கும் கேட்கும். ஆனால் ஸ்பிரிங்வெளிக்கு மேலே எங்கள் தோட்டத்தில் பனி இறங்கும் மாதங்களில், கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, விறைத்த விரலோடு கொழுந்து கிள்ளிப் பாருங்கள். பக்கத்துச் செடி வரிசையில், அடுத்த நிரையில் நிற்பவள் யாரென்றுகூடத் தெரியாது. அந்த வெள்ளைப் புகைக்குள்ளேயிருந்து அவள் சிரிப்பு வரும். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே நாங்களும் சிரிப்போம். கை தன்னால் வேகம் பிடிக்கும். கணக்கப்பிள்ளை கீழேயிருந்து "என்னா அங்க கூத்து?" என்று கத்துவார். அந்தக் காலைகளைவிட நல்ல காலம் எனக்கு வாய்க்கவில்லை.

அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே இடது காதில் சீழ் வரும். வரும், போகும். இரண்டு பிள்ளை பிறந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் அது போகவில்லை. காதுக்குப் பின்னால் வீங்கியது, காய்ச்சல் அடித்தது. பூண்டெண்ணெய் காய்ச்சி விட்டோம். ஒரு நாள் காலையில் வாய் கொப்பளிக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் இடது பக்கமாக ஒழுகிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது பார்த்தோம், அந்தப் பக்கத்து முகம் முழுவதும் தொங்கிக் கிடந்தது. கண்ணை மூடச் சொன்னால் வலது கண் மூடியது, இடது கண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆத்தா அதைக் காத்துச் சேட்டை என்றாள். கோடாங்கி வந்து உடுக்கையடித்துத் திருநீறு போட்டுவிட்டுப் போனார். காய்ச்சல் ஏறி ரெங்கம்மா பிதற்றத் தொடங்கியதும் என் அண்ணன் யார் பேச்சையும் கேட்கவில்லை. மாட்டுவண்டியில் போட்டுப் பதுளைக்குக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியில் காதுக்குப் பின்னாலிருந்த எலும்பைத் திறந்து சீழை எடுத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் முகத்தை ஆட்டும் நரம்பைச் சீழ் ஏற்கனவே அரித்துத் தின்றுவிட்டது என்றார்கள்.

திரும்பி வந்தவள் சிரிப்பதை விட்டுவிட்டாள். சிரித்தால் வாய் முழுவதும் வலது காதுப் பக்கம் ஓடிப்போகும். பேசும்போதுகூட இடது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டுதான் பேசுவாள். சின்னப் பிள்ளை அவள் முகத்தைப் பார்த்து வீறிட்டு என்னிடம் ஓடி வந்தபோது, அவள் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மூடாத கண்ணில் விறகுப் புகையும் தூசியும் விழுந்து எந்நேரமும் சிவந்து நீர் வடியும். படுக்கும்போது துணியால் கட்டிக்கொள்வாள். அப்படியும் கருவிழியில் வெள்ளை படரத் தொடங்கியது.

கொழுந்து மலையில் சத்தமில்லை. வீட்டிலும் சத்தமில்லை. ஆத்தாதான் தவித்துப் போனாள். வேண்டுமென்றே கறியில் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தாள். ரெங்கம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு ஆத்தா என் காம்பராவுக்கு வந்து, முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அவ என்னைய ஒரு வார்த்தை திட்டலடி வீராயி" என்று அழுதாள்.

பதுளையிலிருந்து பாறூக் நானா மாதத்துக்கு ஒரு தரம் துணி மூட்டையோடு லயத்துக்கு வருவார். துணி விற்பாரோ இல்லையோ, ஊர்ச் செய்தி அத்தனையும் கொண்டு வருவார். அவர்தான் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்தீக்கிறார். சீமையில நரம்போட நரம்பத் தச்சுப் படிச்சவராம். எண்ட பொஞ்சாதிட தம்பி அங்க வேல செய்றவன், அவன்தான் சொன்னான். நீங்க வாங்க, நான் கூட வந்து பேசித் தாறேன்."

ஆத்தா, அண்ணன், ரெங்கம்மா, நான், நாலு பேரும் போனோம். டாக்டர் நெட்டையான மனுஷன். ரெங்கம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், தோளைத் தூக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு பாறூக் நானாவிடம் தனக்குத் தெரிந்த சிங்களமும் இங்கிலீசும் கலந்து நீளமாகப் பேசினார். நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு எங்களுக்குச் சொன்னார்.

"மொகத்து நரம்பு செத்துப் போச்சாம். அதுக்கு உசிரு குடுக்க வேற நரம்பொண்ணு வேணுமாம். தோளுக்குப் போற நரம்ப வெட்டி இதோட தைக்கலாமாம். அப்பிடிச் செஞ்சா கன்னம் அசையும், கண்ணும் காப்பாத்தலாம். ஆனா இடது தோள் தாந்து போயிரும், பழைய பலம் வராதாம்."

"கொழுந்து எடுக்கிறவகிட்டத் தோளக் கேக்குறாரே, நல்லா இருக்கா இது?" என்று ஆத்தா வெடித்தாள். "வேற நரம்பே இல்லையாமா ஒடம்புல?"

நானா கேட்டுச் சொன்னார். "நாக்கு நரம்புலயும் செய்யலாமாம். அப்ப நாக்கு ஒரு பக்கம் சூம்பிப் போகும், பேச்சு கொஞ்சம் கொழகொழன்னு வரும்."

"ஐயோ, நாக்கு வேணாம்!" என்றாள் ஆத்தா. "நாக்கையும் குடுத்துட்டா எங்கூட சண்டைக்கு யாரு வருவா?"

அத்தனை நாளில் முதல் தடவையாக ரெங்கம்மாவின் வலது பக்கம் கொஞ்சம் சிரித்தது. உடனே கையால் மூடிக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு டாக்டரை நேராகப் பார்த்துச் சொன்னாள். "தோளையே எடுத்துக்கச் சொல்லுங்க நானா. கண்ணு போயிட்டா அப்புறம் தோள வச்சுக்கிட்டு என்னா பண்றது? எம் புள்ள எம்மூஞ்சியப் பாத்து ஓடுதே, அதுக்கு மருந்து இதுதான்னா இதுவே போதும்."

மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் ஆஸ்பத்திரி முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஆத்தா தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னாள். அது தீர்ந்து போனதும் பாறூக் நானாவிடம், "ஒங்க அல்லாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்றாள். "அப்பவே சொல்லிட்டேன் ஆத்தா" என்றார் அவர்.

ரெங்கம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார். தையல் ஆறியதும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தினமும் தோளைத் தூக்கித் தூக்கிப் பழக வேண்டும், கன்னம் அசைய மாதக்கணக்காகும் என்று சொன்னார். பாறூக் நானா அதை ஒரு எழுத்து விடாமல்தான் எங்களுக்குச் சொன்னார். ஆனால் கேட்டுக்கொண்டவள் என் ஆத்தா அல்லவா?

"வெட்டித் தச்ச தோள ஆட்டச் சொல்றாரா? வெள்ளைக்காரருக்குப் பச்சை ஒடம்புக்காரிய வச்சுக் காப்பாத்தத் தெரியுமா?" என்றாள். தெரிந்த பத்தியம் அத்தனையும் தொடங்கியது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தோளில் பத்துப் போட்டாள். பழைய சேலையைக் கிழித்து இடது கையை உடம்போடு சேர்த்துக் கட்டினாள். தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாது, பிள்ளையைத் தூக்கக்கூடாது, கையை அசைக்கவே கூடாது. ரெங்கம்மா அவிழ்க்கப் போனால் கையில் அடி விழும். ரெங்கம்மாவின் வேலையையும் சேர்த்துத் தானே செய்துவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டை ஊட்டாத குறையாக வைத்தாள். கன்னம் மட்டும் அசையவில்லை. எப்படி அசையும்? அதை அசைக்கிற சாவியைத்தான் இவள் சேலைத் துணியால் கட்டிப் போட்டிருந்தாளே. அது அன்றைக்கு எங்கள் ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை.

இதற்கிடையில் சீமையில் பெரிய சண்டை மூண்டது. டாக்டர் கப்பலேறிப் போய்விட்டார் என்று பாறூக் நானா வந்து சொன்னார். கேட்பதற்கும் ஆளில்லாமல் போனது. முகமும் போய்த் தோளும் போயிற்று என்று லயமே பேசியது. ஆத்தா கேட்காத நேரம் பார்த்து நானும் பேசியிருக்கிறேன்.

சித்திரை மழை விழுந்ததும் கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. அந்த மாதிரி நாட்களில் கணக்கப்பிள்ளை லயத்துக்குள்ளேயே வந்து நிற்பார். கையில் வலுவிருந்தால் யாரும் வீட்டில் இருக்க முடியாது. "அழகர் பொண்டாட்டி ஒத்தக் கையாலயாச்சும் எடுக்கட்டும்" என்று கத்திவிட்டுப் போனார். ஆத்தா அவரைத் திட்டிக்கொண்டே கட்டை அவிழ்த்துவிட்டாள். ரெங்கம்மா கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு எனக்கும் ஆத்தாவுக்கும் நடு நிரையில் ஏறினாள்.

கொழுந்து எடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூடை முதுகில் தொங்கும். இரண்டு கையாலும் கிள்ளிக் கிள்ளி, கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிய வேண்டும். ரெங்கம்மா வலது கையால் எறிந்தாள். பிறகு பழக்க தோஷத்தில் இடது கையாலும் எறியப் போனாள். கை பாதி தூரம்தான் ஏறியது. கொழுந்து தரையில் சிதறியது. ஆனால் இடது கன்னம் ஒரு துள்ளுத் துள்ளி மேலே ஏறி இறங்கியது.

ஆத்தாதான் பார்த்தாள். "ஏடி!" என்றாள். ரெங்கம்மா, கொழுந்தைக் கொட்டியதற்குத் திட்டுகிறாள் என்று நினைத்து, "கை வரல அத்தை" என்றாள்.

"கை கெடக்கட்டும்டி. இன்னொரு தடவ எறி."

எறிந்தாள். மறுபடியும் உதட்டோரம் மேலே போனது, கண் சுருங்கியது. ஆத்தா நிரையைச் சுற்றி வரப் பொறுமையில்லாமல் செடிக்கு நடுவிலேயே புகுந்து, காலெல்லாம் கீறிக்கொண்டு வந்து சேர்ந்தாள். "எறிடி, எறிடி" என்றாள். ரெங்கம்மாவின் கையில் கொழுந்தில்லை. வெறுங்கையைத் தூக்கித் தூக்கி எறிந்தாள். கன்னம் ஏறி ஏறி இறங்கியது. "என்னா அத்தை, என்னா ஆகுது?" என்று கேட்டவளுக்குத் தானாகவே தெரிந்துவிட்டது. கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் செடிக்கு நடுவில் உட்கார்ந்து அழுதோம். அழுகை முடிந்து ஆத்தாவுக்குத் தன் பத்தும் கட்டும் ஞாபகம் வந்தது. "நாந்தாண்டி கட்டிப் போட்டுட்டேன், பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் ரெங்கம்மா பழைய சத்தத்தில் சிரித்தாள்.

அந்தச் சத்தத்துக்குக் கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். "வேல நேரத்துல என்னா உக்காந்து…" என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். ரெங்கம்மா அவசரமாக எழுந்து கூடைக்கயிற்றை இழுத்து மாட்டினாள். கை உயர்ந்ததா, உடனே அவரைப் பார்த்து ஒரு கண் சுருங்கியது, ஒரு பக்கம் வாய் சிரித்தது. மனுஷனுக்கு முகம் கறுத்துப் போயிற்று. அழகர் பொண்டாட்டி தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள் என்று பெரிய கங்காணியிடமே போய் முறையிட்டார். பெரிய கங்காணி ரெங்கம்மாவைக் கூப்பிட்டு, குடத்தைத் தூக்கு, இறக்கு, தூக்கு, இறக்கு என்று சோதித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ரெங்கம்மா கூடையைத் தூக்கினால் கணக்கப்பிள்ளை தராசை மட்டுமே பார்ப்பார்.

அதன் பிறகு வந்த வருஷங்கள்தான் எத்தனை நன்றாக இருந்தன! கண் தப்பியது. படுக்கப் போகும்போது ரெங்கம்மா இடது தோளைத் தூக்குவாள், கண் மூடிக்கொள்ளும். தானாக வரும் சிரிப்பு வலது பக்கத்துக்கு மட்டும்தான் வரும். முழுச் சிரிப்பு வேண்டுமென்றால் இடது தோளையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அதையும் பழகிக்கொண்டாள். சின்னப் பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துத் தூக்கித் தூக்கி விளையாடுவான். ஆத்தா பழையபடி உப்புக்குச் சண்டை போட்டாள். கொழுந்து எடுப்பதில்தான் ரெங்கம்மா எங்களுக்குப் பின்தங்கிப் போனாள். ஆத்தா தன் நிரையை முடித்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே அவள் நிரைக்குள் புகுந்து எடுப்பாள்.

ஒரு குறை இருந்தது. நினைக்காத நேரத்தில் கை உயர்ந்தாலும் முகம் சிரித்துவிடும். எங்கள் லயத்தில் எல்லோருக்கும் அது பழகிப் போயிற்று. அதனால் எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

சீமைச் சண்டை முடிந்த சமயத்தில் விஷக்காய்ச்சல் ஒன்று தோட்டம் தோட்டமாக வந்தது. வந்த வேகத்தில் என் ஆத்தாவைக் கொண்டு போய்விட்டது. கடைசி வரைக்கும் தண்ணீர் கொடுத்தவளும் துடைத்தவளும் ரெங்கம்மாதான். என்னைக் கிட்டே விடவில்லை, எனக்கும் காய்ச்சல் ஒட்டிவிடுமாம்.

கேதம் சொல்லி ஆள் போனது. லயத்து வாசலில் ஆத்தாவைக் கிடத்தியிருந்தது. தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். கொஸ்லந்தையிலிருந்து ஆத்தாவின் தங்கச்சி, எங்கள் சின்னம்மா, பத்துப் பன்னிரண்டு பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு மாரில் அடித்து அழுதபடி வந்து சேர்ந்தாள். எங்கள் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருகிறவளைச் சாவு வீட்டுப் பொம்பளைகள் எதிரே போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். பிறகு வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, ஆடி ஆடி ஒப்பாரி வைக்க வேண்டும். மாமியாருக்கு மருமகள் முதலாளாக நின்று கட்டி அழ வேண்டும். நான் கட்டி அழுதேன். சின்னம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"மருமக எங்கடி?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. காலையிலிருந்து ரெங்கம்மா வட்டத்தில் உட்காரவில்லை. லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

"வா மதினி, சின்னம்மா கேக்குது."

"என்னால முடியாது வீராயி. கையத் தூக்கி யாரு கழுத்துல போட்டாலும் எம்மூஞ்சி சிரிக்கும். எங்கத்தை பொணத்துக்கு முன்னால நான் சிரிக்கணுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆத்தா செத்ததற்கா, கப்பலேறிப் போன அந்த டாக்டருக்கா, எங்கள் வழக்கத்துக்கா, யார் மேல் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் அப்படியே நிற்கும்போதே சின்னம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாது என்று கொஸ்லந்தை வரைக்கும் பேச்சுப் போயிருந்தது. "ஒளிஞ்சுகிட்டா இருக்க? ஒன்னையப் பாத்துக்கிட்ட மகராசிக்கு ரெண்டு சொட்டுக் கண்ணீர் இல்லையா?" என்று கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். எல்லோர் முன்னாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ரெங்கம்மாவுக்கும் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது. இரண்டு கையையும் தூக்கிச் சின்னம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

சின்னம்மா மூச்சு வாங்க முகத்தை நிமிர்த்தினாள். ரெங்கம்மாவின் இடது பக்கம் உதடு மேலேறி, கண் சுருங்கி, அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அடிப் பாவி! சிரிக்கிறா! எங்கக்கா செத்ததுக்குச் சிரிக்கிறா பாருங்கடி!"

தப்பு நின்றுவிட்டது. கொஸ்லந்தைக்காரிகள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். எங்கள் லயத்துக்காரி ஒருத்தி, "அது ஆஸ்பத்திரியில வச்ச சிரிப்புங்க" என்றாள். "யாருக்குடி காது குத்துற? ஆஸ்பத்திரியில சிரிப்பு வைப்பாங்களா?" என்று சின்னம்மா சீறினாள். "இவ கையால எங்கக்காவுக்கு வாய்க்கரிசி விழக்கூடாது. விழுந்தா நாங்க இப்பவே திரும்பிப் போறோம்."

ரெங்கம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் போடல வீராயி. அத்தை நல்லபடியாப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு விறகுக் குவியல் பக்கமே திரும்பி நடந்தாள். என் ஆத்தாவின் வாயில் கடைசித் தண்ணீர் ஊற்றியவள், ஒரு பிடி அரிசி போடக்கூடாது என்று போகிறாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"நில்லு மதினி" என்று கத்தினேன். "சின்னம்மா, நீயும் கேட்டுக்க. இவ வலது பக்கம் கடவுள் குடுத்தது, அது அழுவுது. இடது பக்கம் டாக்டர் தச்சது, அதுக்கு அழத் தெரியாது. தோளத் தூக்குனா சிரிக்க மட்டுந்தான் தெரியும். அந்தச் சிரிப்பு வரணும்னு ரெண்டு ஆளு வேலைய ஒத்த ஆளாச் செஞ்சவ இங்க படுத்திருக்கிறவ. அதப் பாத்து நீ கோவிச்சுக்கிட்டுப் போறதுன்னா போ. எங்காத்தாளுக்கு இவ அழாம பொணம் எந்திரிக்காது."

ரெங்கம்மாவை இழுத்து வந்து ஆத்தாவின் தலைமாட்டில் உட்கார வைத்தேன். அவளுக்கு இடது பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அவள் கையைத் தூக்கி என் கழுத்தில் போட்டுக்கொண்டு, என் வலது கன்னத்தை அவள் இடது கன்னத்தோடு சேர்த்து அழுத்தினேன். மறைக்கத்தான் அப்படிச் செய்தேன். வேறு யோசனை ஒன்றும் எனக்கில்லை. பிறகு குரலெடுத்து ஒப்பாரியைத் தொடங்கினேன். எங்கள் லயத்துப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்து கை கோத்தார்கள்.

ஆடி ஆடி அழும்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்தக் கன்னம் என் கன்னத்துக்குள் ஏறி இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. நனைந்திருந்தது. அவள் கண்ணீரா என் கண்ணீரா என்று தெரியவில்லை. செத்துப் போயிருந்த கன்னம் அது. ஆத்தா செடிக்கு நடுவில் ஓடி வந்தது, பத்தும் கட்டுமாக அவளை வைத்துக் காத்தது, எல்லாம் எனக்கு அந்தக் கன்னத்தின் துடிப்பிலேயே வந்துவிட்டது. ஒப்பாரிக்கு வார்த்தை வராமல் வெறும் குரலாக அழுதேன்.

எவ்வளவு நேரம் போனதோ, ஒரு கை எங்கள் இரண்டு முகத்துக்கும் நடுவில் நுழைந்தது. சின்னம்மாவின் கை. ரெங்கம்மாவின் இடது கன்னத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ரெங்கம்மா விம்மினாள், தோள் ஏறியது, கன்னம் சின்னம்மாவின் கைக்குள் சிரித்தது. அந்தச் சிரிப்பின் மேலேயே கண்ணீர் வடிந்து சின்னம்மாவின் மணிக்கட்டில் இறங்கியது. சின்னம்மா முந்தானையால் அந்தக் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். எழுந்து போய் அரிசித் தட்டை எடுத்து வந்து முதலில் ரெங்கம்மாவுக்கு நீட்டினாள்.

அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் எத்தனையோ சாவு. எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் ரெங்கம்மாவுக்கு இடது பக்கம் எனக்கென்று இடம் விட்டுவிடுவார்கள். புதிதாக வாழ வந்த பெண்கள் தெரியாமல் உட்கார்ந்தால், "தள்ளி ஒக்காரு, அது வீராயி எடம்" என்று சொல்வார்கள். என் புருஷனுக்கு அழுததும், அவள் புருஷனான என் அண்ணனுக்கு அழுததும் அந்தக் கன்னத்தோடுதான்.

ரெங்கம்மா எனக்கு முன்னால் போய்விட்டாள். அவளைக் கிடத்தியிருந்த அன்றைக்கு என்னைக் கட்டிக்கொண்டு அழ எல்லோரும் வந்தார்கள். ஒருத்தி, எப்போதும் ரெங்கம்மா உட்காரும் என் வலது பக்கம் உட்கார வந்தாள். நான் அவளை உட்கார விடவில்லை. இன்றைக்கும் எந்தச் சாவு வீட்டில் உட்கார்ந்தாலும் எனக்கு வலது கன்னம் குளிருகிறது.